வில்லோவுக்குக் கவ்வாத்து

உடப்புசல்லாவை
12.5.1954

என் அன்பான அண்ணனுக்கும் மதினிக்கும் தங்கச்சி சண்முகவடிவு எழுதுறது. இங்க நாங்க மூணு பேரும் சுகமா இருக்கோம், குளிருதான் ஆளைத் தின்னுது. கொட்டகலையில நீங்க ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு தினமும் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கிறேன்.

அண்ணே, சேதியைக் கேட்டா துள்ளிக் குதிப்பீங்க! அவருக்குப் பங்களாத் தோட்டத்தில வேலை கிடைச்சிருச்சு. இனிமே மலையில ஏறி தேயிலைக்குக் கவ்வாத்து வெட்ட வேண்டாம். விடியக்காலையில பேரு கொடுக்கப் பெரட்டுக்களத்தில வரிசையில நிக்க வேண்டாம். பங்களாவுக்குக் கீழ தனி வீடும் கொடுத்திருக்காங்க. தனி வீடு அண்ணே! லயத்தில ஒரே காம்பராவுக்குள்ள மாமியார் நாத்தனாரோட புகை தின்னுக்கிட்டுக் கிடந்தவ நான், இப்போ சன்னலைத் திறந்து வச்சு எட்டி எட்டிப் பாக்கிறேன்.

ஆனா ஒரு சிக்கல். துரைசாணி நுவரெலியாவில இருக்கிற சிநேகிதி வீட்டிலேருந்து ஈரச்சாக்கில சுத்தி ஒரு கட்டு குச்சி கொண்டாந்தாங்க. வெறும் குச்சி! வில்லோவாம். அவங்க சீமையில ஆத்தோரமெல்லாம் நிக்குமாம். ஊத்து கசியிற சதுப்பில அதை ஊன்றச் சொல்லிட்டு, இது பிடிச்சு வளந்தாத்தான் வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாங்க. அதான் அவரு, "உங்க அண்ணன்கிட்ட கேளு, அவரு செடியைத் தொட்டே சொல்லிருவாரு"ன்னாரு. எப்படிப் பாத்துக்கிறதுன்னு எழுதுங்க.

இன்னொண்ணு. எங்க கல்யாணப் பந்தியில அவரு, "ஆண்டியப்பன் கத்தி பட்ட செடி அடுத்த மழைக்கு எழும்பாது"ன்னு விளையாட்டாச் சொன்னதுக்கு நீங்க பாதிச் சோத்தில எந்திரிச்சுப் போனீங்க. அன்னையிலேருந்து என் வாசலை மிதிக்கல. என் மக பேச்சியம்மா முகத்தைக்கூடப் பாக்கல. அடுத்த வருசம் ஆனியில அவளுக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும், எனக்கு வேற ஆசை ஒண்ணும் இல்ல. வருவீங்களா?

உங்க தங்கச்சி,
வடிவு

*

கொட்டகலை
3.6.1954

அன்புள்ள தங்கச்சி வடிவுக்கு அண்ணன் ஆண்டியப்பன் எழுதுவது. நானும் உன் மதினி வீரம்மாவும் சுகம். மருமக பேச்சியம்மாவுக்குச் சளி பிடிக்காம தலையில துணி கட்டி வை.

உன் கடுதாசி இப்றாஹிம் நானா கடைக்கு வந்து, ரெண்டு நாளா சீனி மூட்டைக்கு மேல கிடந்துச்சாம். வாசிச்சுச் சந்தோசம். தனி வீடு கிடைச்சதுக்கு உன் சாமி புண்ணியம்.

வில்லோவாவது பல்லோவாவது, எனக்குத் தெரியாது. ஆனா செடி எதுன்னாலும் அதுக்கு வேரு கீழதான் இருக்கும். சதுப்பில குச்சி ஊன்றினா முதல்ல களை ஏறும், அதை விடாதே. மானாப்புல்லை அறுத்து தூரைச் சுத்தி அடைப்புப் போடச் சொல்லு. புல்லு குச்சியைத் தொடக்கூடாது, அழுகிப்போகும். குச்சியை ஆட்டி ஆட்டிப் பாக்காதே. வேரு விட்டுருச்சான்னு பிடுங்கிப் பாக்கிற கூறுகெட்ட பழக்கம் சிலபேருக்கு உண்டு. யாருக்குன்னு நான் சொல்லத் தேவையில்ல.

காதுகுத்தைப் பத்திக் கேட்டே. மருமக மேல எனக்குக் கோபமில்ல. ஆனா என் கத்தியை நாலு பேருக்கு முன்னாடி இளக்காரம் பண்ணின ஆளு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். இதை மறுபடி கேக்காதே.

உன் அண்ணன்,
ஆண்டியப்பன்

*

உடப்புசல்லாவை
20.7.1954

அண்ணனுக்கும் மதினிக்கும் வடிவோட வணக்கம். சுகத்துக்குக் குறைவில்ல. மழைதான் விடாமப் பேயுது, துணி காய மாட்டேங்குது.

அண்ணே அண்ணே அண்ணே! துளிர்த்திருச்சு! ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனையும்! முதல்ல செவப்பா மொட்டு, அப்புறம் பச்சை. காலையில பாத்ததைவிட சாயங்காலம் உசந்து நிக்குது, நான் பொய் சொல்லல. தேயிலை நட்டா வருசக்கணக்கா காத்துக் கிடப்போமே, இது என்ன இப்படி ஓடுது! துரைசாணி செருப்பைக் கழட்டிட்டு சேத்துக்குள்ள இறங்கிட்டாங்க. பங்களா சமையக்கார அழகன் அப்பு சிரிப்பை அடக்கமுடியாம அடுப்படிக்கு ஓடிட்டாரு.

நீங்க சொன்னபடியே மானாப்புல்லு அடைப்பு போட்டாச்சு. களை ஒண்ணு தலைநீட்ட விடல. ஆனா இப்போ பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்குது. மருந்து அடிக்கலாமா? சீக்கிரம் எழுதுங்க, அவரு துடிச்சுக்கிட்டிருக்காரு.

பேச்சியம்மா ஆளைப் பிடிச்சு நிக்கிறா. வில்லோவும் அவளும் போட்டி போடுதுக.

வடிவு

*

கொட்டகலை
9.8.1954

தங்கச்சிக்கு அண்ணன் ஆசீர்வாதம். இங்க எல்லாரும் சுகம். உன் மதினிக்கு இடுப்பு வலி இருந்துச்சு, இப்போ பரவாயில்ல.

உன் கடுதாசியை இப்றாஹிம் நானாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். "ஆண்டியப்பன், நீங்க இங்கேருந்தே சீமைச் செடி வளக்கிறீங்களே"ன்னு கடைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. நான் ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேருக்கு மட்டும் விவரமாச் சொன்னேன்.

மருந்து வேண்டாம், பச்சைப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில இருக்கு. புழுவைக் கையால பொறுக்கச் சொல்லு. இலைக்கு அடிப்பக்கம் முட்டை வச்சிருக்கும், அதைத் தேய்ச்சு விடணும். சாம்பலைத் தூவினாலும் ஓடிரும்.

ஒண்ணு கேக்கிறேன், மறைக்காமச் சொல்லு. அவரு கேக்கச் சொன்னாருன்னு எழுதினே, எனக்கு நம்ப முடியல. இதெல்லாம் நான் சொல்லித்தான் நடக்குதுன்னு உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? தெரிஞ்சா என்ன சொல்றாரு?

ஆண்டியப்பன்

*

உடப்புசல்லாவை
2.12.1954

அன்பான அண்ணனுக்கு வடிவு. நாலு மாசமா எழுதலைன்னு திட்டாதீங்க. இங்க எல்லாரும் சுகம். மதினி இடுப்புக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க.

புழு எல்லாம் ஓடிப்போச்சு! சாம்பல் தூவித் தூவி என் அடுப்பே சுத்தமாயிருச்சு. வில்லோ ஆள் உசரத்துக்கு மேல போயிருச்சு அண்ணே, உள்ள போய் நின்னா நான் தெரிய மாட்டேன். துரைசாணி அதைப் பத்தி ஒரு கதை சொன்னாங்க. இலை வர்றதுக்கு முன்னாடி அந்தக் கம்புல மொசுமொசுன்னு வெள்ளிப்பூ வருமாம். அவங்க ஊர்ல தென்னங்குருத்து ஏது? குருத்தோலை ஞாயிறுக்கு இந்தப் பூக்கம்பைத்தான் பிடிச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போவாங்களாம். சின்ன வயசில அம்மாவோட போனதைச் சொல்லும்போது அவங்களுக்குக் கண்ணு கலங்கிருச்சு. அடுத்த வருசம் நுவரெலியாக் கோயிலுக்கு ஒரு கட்டு கொண்டுபோகணும்னு இருக்காங்க.

இப்போ என்னடான்னா, இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிருச்சு! ஒரு இலை இல்ல. வெறும் கம்பா நிக்குது. துரைசாணி இப்போ கொழும்புக்குப் போயிருக்காங்க, தை பிறந்துதான் வருவாங்க. கேக்க ஆளில்ல. செத்துப்போச்சான்னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பாக்கிறேன். உடனே பதில் போடுங்க.

வடிவு

*

கொட்டகலை
18.12.1954

தங்கச்சிக்கு. நாங்க சுகம். பதறாதே.

நகத்தால பட்டையைக் கீறிப் பாரு. உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. குளிருக்கு உறங்குது, அவ்வளவுதான். நீ சொல்றதைப் பாத்தா செடி கண்டபடி உசந்து போயிருக்கு. தேயிலையை அப்படி விட்டா என்ன ஆகும்? மரமாப்போகும், கொழுந்து எட்டாது. செடி உறங்கும்போதுதான் கத்தி வைக்கணும். முழங்கால் உசரத்துக்கு ஒரே மட்டமாக் கவ்வாத்துப் பண்ணச் சொல்லு. இரக்கம் பாக்கக்கூடாது. வெட்டுவாய் மேட்டைப் பாத்துச் சரிஞ்சிருக்கணும், தண்ணி நிக்கக்கூடாது. துரைசாணி வரும்போது தூரெல்லாம் புதுத்துளிரா நின்னா அவங்க அசந்துபோவாங்க பாரு.

உன் வீட்டுக்காரரைப் பத்தி நான் ஆகஸ்டு மாசம் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லல.

ஆண்டியப்பன்

*

உடப்புசல்லாவை
24.1.1955

அண்ணனுக்கு.

சுகம் கேக்கிற நிலையில நான் இல்ல. மன்னிச்சுக்கங்க.

வெட்டினோம். நீங்க சொன்ன மாதிரியே முழங்கால் உசரத்துக்கு, அத்தனையும். துரைசாணி முந்தாநாள் வந்தாங்க. நேரா சதுப்புக்குத்தான் ஓடினாங்க. அங்கயே நின்னுட்டாங்க அண்ணே. வெட்டினதில ஒரு கம்பை எடுத்து, அதில இருந்த சின்னச் சின்ன மொக்கைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பூ போன வருசத்துக் கம்பிலதான் வருமாம். பூத்து முடிஞ்சப்புறம்தான் வெட்டணுமாம். இந்த வருசம் ஒரு பூ வராதாம்.

துரை அவரைக் கூப்பிட்டு, "யார் சொல்லி வெட்டினே?"ன்னு கேட்டாரு. அவரு, "யாரும் சொல்லல, நானாத்தான் வெட்டினேன்"னுட்டாரு. பங்குனி மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிட்டு மலைவேலைக்குப் போகணும்.

உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். அவரு என்னைக் கேக்கவே சொல்லல. உங்ககிட்ட அவரு கேட்டதாச் சொல்லி, அவருகிட்ட எல்லாம் என் யோசனைன்னு சொல்லி, இந்தச் செடி வளர வளர நீங்க ரெண்டு பேரும் ராசியாகிருவீங்கன்னு முட்டாத்தனமா நம்பிட்டேன். இப்போ வேலையும் போச்சு. உங்க பேரை நான் அவருகிட்டச் சொல்லல. சொன்னா இன்னொரு ஜென்மத்துக்கும் நீங்க சேர மாட்டீங்க.

வடிவு

*

உடப்புசல்லாவை
21.2.1955

மதிப்புக்குரிய மச்சான் ஆண்டியப்பன் அவர்களுக்கு சோலைமலை எழுதுவது. நீங்களும் அக்காவும் சுகமா இருக்கீங்கன்னு நம்புறேன். என் கையெழுத்தைப் பாத்துக் கடுதாசியைக் கிழிச்சுப் போட்டுறாதீங்க. வடிவுக்குத் தெரியாம எழுதுறேன்.

அவ எழுதி ஒரு மாசமாச்சு, நீங்க பதில் போடல. தபால் வர்ற நேரம் பாத்து வாசல்ல போய் நிக்கிறா. அப்புறம் சாப்பிட மாட்டேங்கிறா.

மச்சான், எனக்கு முதல்லேருந்தே தெரியும். மானாப்புல்லு அடைப்பு, புல்லு குச்சியைத் தொடக்கூடாதுன்னு அவ சொன்னப்போ சந்தேகம். வெட்டுவாய் மேட்டைப் பாத்துச் சரியணும்னு சொன்னப்போ சந்தேகமே இல்ல. அப்படி வெட்டுற ஆளு கொட்டகலையில ஒருத்தர்தான். வடிவு சொன்னான்னு நான் கத்தியை எடுக்கல. நீங்க சொன்னீங்கன்னுதான் எடுத்தேன். நானும் கவ்வாத்துக்காரன்தானே, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நாம ரெண்டு பேருமே தேயிலையைத்தான் பாத்தோம், செடியைப் பாக்கல.

பந்தியில நான் பேசினது விளையாட்டு இல்ல, பொறாமை. நீங்க கவ்வாத்துப் பண்ணின மலையில தேயிலை எழும்புற மாதிரி நான் பண்ணின மலையில எழும்பாது. மாப்பிள்ளை முறுக்குல வாய் கொழுத்துப் பேசிட்டேன். மறுநாளே வந்து சொல்லியிருக்கணும்.

வேலை போனாப் போகட்டும், லயம் எங்களுக்குப் புதுசு இல்ல. காது குத்து எங்க நடந்தாலும் நீங்க வரணும். உங்க மடி இல்லாட்டி என் மகளுக்குக் காதே குத்த வேண்டாம்னு இருக்கேன்.

சோலைமலை

*

உடப்புசல்லாவை
8.3.1955

அண்ணே! மதினி! சுகமா, சுகமா? எல்லாரும் சுகமாத்தான் இருக்கணும், ஏன்னா நான் இன்னைக்கு யாரு சுகமில்லைன்னு சொன்னாலும் கேக்கிற மாதிரி இல்ல!

நீங்க பதில் போடாட்டியும் பரவாயில்ல, இதைக் கேளுங்க. வெட்டின கம்பையெல்லாம் எரிக்கச் சொன்னாங்க. ஆத்திரத்தில நான் எரிக்கல. வீட்டுக்குப் பின்னால ஈரத்தில கறிக்குப் போஞ்சி போட்டிருந்தேன், கொடி ஏற கம்பு இல்ல. இது நேரா வாட்டமா இருக்குதேன்னு கொண்டுபோய் வரிசையா ஊன்றிட்டேன். அதோட மறந்துட்டேன். காலையில போஞ்சி பறிக்கப் போறேன், ஆத்தாடி! கம்புல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கு. புழுதான் மறுபடி வந்திருச்சுன்னு சாம்பலைத் தேடினேன். தொட்டுப் பாத்தா பூனைக்குட்டி காது மாதிரி மெத்துனு இருக்கு. வெள்ளி நிறம்! ஒவ்வொரு கம்புலயும் மேலேருந்து கீழ வரைக்கும்!

கூப்பாடு போட்டேன் பாருங்க, அவரு பாம்புதான்னு மண்வெட்டியோட ஓடி வந்தாரு. பாத்துட்டு அப்படியே சேத்தில உக்காந்துட்டாரு. நான் கை நிறையக் கம்பைப் பிடுங்கிக்கிட்டு, போஞ்சிக்கொடி தொங்கத் தொங்க பங்களாவுக்கு ஓடினேன். முன்வாசல் வழியா! அழகன் அப்பு கையை நீட்டித் தடுக்கிறாரு, நான் நிக்கல. துரைசாணி என்னைப் பாத்தாங்க, கம்பைப் பாத்தாங்க. என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க அண்ணே. ரெண்டு பேரும் அழுதோம், அவங்க இங்கிலீசில, நான் தமிழ்ல. இப்பவே அறுத்து நிழல்ல காய வச்சா குருத்தோலை ஞாயிறு வரைக்கும் உதிராதாம். பிடுங்கின கம்புக்கு அடியில வெள்ளை வேரு வேற! அதை மறுபடி நட்டு வைக்கப் போறாங்க. சதுப்பில வெட்டின தூரும் சும்மா இல்ல, கைவிரல் தடிமனுக்கு செவப்புச் செவப்பா கிளம்பிக்கிட்டிருக்கு.

வீடும் எங்களுக்குத்தான், வேலையும் நிரந்தரம். துரையே வந்து சொல்லிட்டாரு.

இனி நீங்க வந்துட்டா எனக்கு ஒரு குறையுமில்ல. ஒரு வரி எழுதுங்க அண்ணே. திட்டியாவது எழுதுங்க.

வடிவு

*

கொட்டகலை
19.3.1955

அன்புள்ள மாப்பிள்ளை சோலைமலைக்கு ஆண்டியப்பன் எழுதுவது. நானும் உங்க அக்காவும் சுகம்.

உங்க கடுதாசியை இப்றாஹிம் நானா கடையில நின்னுக்கிட்டே வாசிச்சேன். முடிக்க முடியல. நானா ஒரு பிளேன் டீ போட்டுக் கொடுத்தாரு.

வடிவு எழுதினதுக்கு நான் ஏன் பதில் போடலைன்னு கேட்டீங்க. என்ன எழுதுறது? என் பேச்சைக் கேட்டு அப்போ உங்க வீடு போச்சு. நீங்க என் பேரைச் சொல்லல. அவ கடுதாசி வந்த அன்னிக்கே சட்டையைப் போட்டுக்கிட்டு, துரைகிட்ட நானே சொல்றேன்னு ரயில் ஏறினேன். நானுஓயாவில இறங்கினேன். அங்கேருந்து உங்க ஊருக்கு பஸ் நிக்குது, ஏற முடியல. உங்க முகத்தில எப்படி முழிக்கிறதுன்னு வெட்கம். அடுத்த ரயிலுக்குத் திரும்பிட்டேன். இதை வடிவுகிட்டச் சொல்லாதீங்க.

என் கத்தியைக் கேவலமாப் பேசினீங்கன்னு வருசக்கணக்கா வீராப்பா இருந்தேன். என் கத்தியை நம்பி வேலையையே இழக்கத் துணிஞ்ச ஆளு நீங்கதான். எனக்கு வேற என்ன வேணும் மாப்பிள்ளை?

வீடும் வேலையும் நிலைச்சிருச்சுன்னு வடிவு எழுதினதையும் வாசிச்சேன். ஆனிக்கு வர்றோம். தோடு நான் கொண்டுவர்றேன், நீங்க வாங்கிறாதீங்க.

அடுத்த வருசம் பூ முடிஞ்சதும் கவ்வாத்துப் பண்ணலாம்னு துரைசாணி சொல்றாங்களாமே. கத்தியை இப்பவே தீட்டிறாதீங்க. எவ்வளவு தழை விடணும்னு எனக்கு ஒரு யோசனை இருக்கு. தனியா எழுதுறேன்.

ஆண்டியப்பன்

*

உடப்புசல்லாவை
14.9.1955

அண்ணனுக்கும் மதினிக்கும் வடிவு வணக்கம். நாங்க சுகம். பேச்சியம்மாவுக்குக் காதுப் புண்ணு சுத்தமா ஆறிருச்சு. தலையை ஆட்டி ஆட்டித் தோட்டைக் காட்டுறா. "யாரு போட்டது?"ன்னு கேட்டா, "மாமா"ன்னு கொட்டகலை இருக்கிற திசைக்குக் கை காட்டுறா. அந்தத் திசையில மாட்டுப்பட்டிதான் இருக்கு, இருந்தாலும் சந்தோசம்.

அன்னிக்கு அவ உங்க மடியில வீல்னு கத்தினப்போ நீங்களும் சேந்து அழுதீங்க, அவரு உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் புகை கண்ணுல பட்டுச்சுன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். அங்க அடுப்பே எரியல.

வில்லோவைக் கேட்டா, அது பாட்டுக்கு வளருது. லயத்தில எல்லாரும் போஞ்சிக்கு அந்தக் கம்புதான் வேணும்னு கேட்டு வாங்கி ஊன்றி, இப்போ வரிசை வரிசையா இலை விட்டு நிக்குது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, "இது தோட்டமா காடா?"ன்னு தலையில அடிச்சுக்கிட்டுப் போறாரு.

இப்போ விசயத்துக்கு வர்றேன். ஆனிக்கு அப்புறம் உங்க கடுதாசி வாரத்துக்கு ஒண்ணு வருது. எல்லாம் யார் பேருக்கு? சோலைமலை, சோலைமலை, சோலைமலை! தபாலை நான்தான் ஓடிப்போய் வாங்குறேன். அவரு என் கையிலேருந்து பிடுங்கிக்கிட்டு வில்லோவுக்குள்ள போய் உக்காந்து வாசிக்கிறாரு. தனியாச் சிரிக்கிறாரு. "என்ன எழுதியிருக்காரு?"ன்னு கேட்டா, "அது எங்க தொழில் விசயம், உனக்குப் புரியாது"ங்கிறாரு. போன கடுதாசியில எனக்குன்னு ஓரத்தில ஒரு வரி: வடிவு சுகந்தானே. அவ்வளவுதான்! மதினி, நீங்களே நியாயம் சொல்லுங்க.

ரெண்டு பேரையும் சேக்கிறதுக்கு நான் எத்தனை பொய் சொன்னேன், எத்தனை நாள் வயித்தில நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தேன்? அடுத்த கடுதாசி என் பேருக்கு வரலைன்னா, சத்தியமாச் சொல்றேன், ரெண்டு பேருக்கும் மறுபடி சண்டை மூட்டி விட்டுருவேன். எப்படின்னு எனக்கு நல்லாத் தெரியும்.

இப்படிக்கு,
உங்க கூடப்பிறந்த தங்கச்சி
(பேரு மறந்துபோயிருந்தா: சண்முகவடிவு)